கண்ணாடிப் படத்தில் விரிசல்

தஞ்சாவூர்ப் படம் என்று சொன்னால் நம்மவர்களுக்கு உடனே ஞாபகம் வருவது பலகைப் படம்தான். பலா மரப் பலகை, அதன்மேல் ஒட்டிய துணி, துணியின்மேல் சுண்ணாம்புப் பூச்சு, தங்க ரேக்கு, பதித்த கற்கள், நடுவிலே கொழுகொழுவென்று ஒரு கிருஷ்ணன். அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதையும் சொல்ல வேண்டாததையும் எல்லோரும் சொல்லியாகிவிட்டது. அதே ஊரில், அதே மரபில் வந்த கைகள் செய்த இன்னொரு வகைப் படம் உண்டு. கண்ணாடியின் முதுகில் எழுதி, முகத்தின் வழியாகப் பார்க்கிற படம். அதை யாரும் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. பலகைப் படம் வாங்க வசதி இல்லாதவர்கள் வாங்கிய மலிவுச் சரக்கு என்று ஓர் அபிப்பிராயம் நிலைத்துவிட்டது. ஜயா அப்பாசாமி 1980இல் இந்தியக் கண்ணாடி ஓவியங்களுக்கென்றே தனியாக ஒரு புத்தகம் எழுதினார். மராட்டியர் காலத்துத் தஞ்சாவூர் ஓவியங்களைப் பற்றிய அவருடைய இன்னொரு புத்தகமும் அதே வருஷம் வந்தது. இரண்டும் ஆங்கிலம். தமிழில் கண்ணாடிப் படத்தை ஒரு கலைப் பொருளாக வைத்து, நல்லது எது, கெட்டது எது என்று பிரித்துப் பார்த்தவர்கள் குறைவு.

நான் பார்க்க ஆரம்பித்தது படத்தின் அழகினால் அல்ல, அதன் விரிசலினால். அதற்கு வருகிறேன். முதலில் இது எப்படிச் செய்யப்படுகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாவிட்டால் விரிசலைப் பற்றிப் பேசுவதற்கு அர்த்தமில்லை.

பலகையிலோ சுவரிலோ எழுதுகிறவன் பின்னணியில் ஆரம்பித்து முன்னால் வருகிறான். வானம், பிறகு மண்டபம், பிறகு உருவம், உருவத்தின்மேல் உடை, உடையின்மேல் நகை, எல்லாம் முடிந்து நல்ல நாள் பார்த்துக் கண் திறப்பான். கண்ணாடிப் படத்தில் இது தலைகீழ். மாதிரிப் படத்தைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டு, கருவிழியின் புள்ளியை முதலில் வைக்க வேண்டும். மூக்குத்தியின் முத்து, புருவம், உதட்டின் விளிம்பு, சரிகைக் கரை, இவையெல்லாம் முதல் நாள் வேலை. அதற்குப் பின்னால் முகத்தின் நிறம். அதற்கும் பின்னால் புடவையின் நிறம். கடைசியில்தான் திரைச்சீலையும் வானமும். நகைகள் மின்ன வேண்டிய இடங்களில் வண்ணம் பூசாமல் விட்டு, அங்கே பின்புறமாக ரேக்கோ பளபளக்கும் காகிதமோ ஒட்டுவார்கள். வலது கை இடது கையாகிவிடும் என்பதையும் ஆரம்பத்திலேயே யோசித்துக்கொள்ள வேண்டும். மறந்தால் கண்ணன் இடது கையால் வெண்ணெய் தின்பான்.

இதில் திருத்தத்துக்கு இடமே கிடையாது. நாவல் எழுதுகிறவன் பாடு எவ்வளவோ தேவலை. கதாநாயகியின் பெயரைப் பாதியில் மாற்றலாம். மூன்றாவது அத்தியாயத்தைக் கிழித்துப் போடலாம். பத்திரிகை ஆசிரியர் கேட்டுக்கொண்டால் செத்தவனைப் பிழைக்க வைக்கக்கூடச் செய்யலாம். கண்ணாடிப் படக்காரன் கண்ணின் புள்ளியை வைத்து, அதன்மேல் முகத்தின் நிறத்தையும் பூசிவிட்டால் பிறகு அந்தப் புள்ளியை அவன்கூடத் தொட முடியாது. முடிவை முதல் வரியில் எழுதிவிட்டு, காரணங்களைப் பின்னால் அடுக்கிக்கொண்டு போகிற எழுத்தாளனை நாம் என்ன பாராட்டுப் பாராட்டுவோம்! இங்கே பெயர் போடாத எத்தனையோ பேர் அதைத் தினசரி வேலையாகச் செய்திருக்கிறார்கள்.

இந்த வித்தை நம் ஊரில் பிறந்ததல்ல. ஐரோப்பாவில் இருந்தது, பதினெட்டாம் நூற்றாண்டில் சீனத்துக் காண்டன் துறைமுகத்தில் பெரிய வியாபாரமாக நடந்தது, அந்த நூற்றாண்டின் கடைசியில் கப்பல் வழியாக இந்தியாவுக்கு வந்தது. தஞ்சாவூரில் அப்போது மராட்டிய அரசர்கள். 1798இலிருந்து 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜிக்கு மேல்நாட்டுச் சரக்கு எது வந்தாலும் அதைப் பார்த்துவிட வேண்டும். அந்தச் சூழ்நிலையில் கண்ணாடிப் படம் இங்கே வேர் பிடித்தது. கண்ணாடிப் பலகையும் கப்பலில்தான் வந்தது. மெல்லியது, சற்று அலை அலையாக இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் நன்றாக நடந்த தொழிலை, 1894இல் பம்பாயில் தொடங்கிய ரவி வர்மா அச்சகமும் அதன் வழியில் வந்த மற்ற அச்சுப் படங்களும் முடித்து வைத்தன. சரித்திரம் இவ்வளவு போதும்.

தரத்தைப் பற்றிச் சொல்கிறேன். கண்ணாடிப் படங்களில் பாதிக்கு மேல் மட்டமானவை. இதை ஒளிக்க வேண்டியதில்லை. ஒரே பட்டாபிஷேகத்தை ஒரே மாதிரித் தாளை வைத்துப் பத்துத் தடவை எழுதினால் பதினோராவது தடவை அனுமாரே அலுத்துப்போய் உட்கார்ந்திருப்பார். திரைச்சீலையும் தூணும் கண்ணாடிக் குளோப்பும் அடைத்துக்கொண்டு, சுவாமிக்கு மூச்சு விட இடமிராது. ஆனால் நல்ல படம் ஒன்று அகப்பட்டுவிட்டால் அதற்குப் பக்கத்தில் பலகைப் படம் கொஞ்சம் கனமாகத்தான் தெரிகிறது. பலகைப் படத்தில் பொன் பேசுகிறது. கண்ணாடிப் படத்தில் கோடு பேசுகிறது. பலகையில் கோடு தவறினால் ரேக்கும் கல்லும் வந்து காப்பாற்றும். கண்ணாடியில் கோடுதான் முதலில் நிற்கிறது. நமக்கும் அதற்கும் நடுவில் கண்ணாடியைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. நிறங்களும் அப்படியே. மேலே வார்னிஷ் பூசிப் பழுப்பேறுகிற சங்கடம் கிடையாது. நூறு வருஷத்துப் பச்சை, நேற்றுப் பூசிய மாதிரி ஈரமாக இருக்கும். சுவாமி படங்களைவிட, நாற்காலியில் சாய்ந்த ராஜாக்களையும் கைக்கண்ணாடி பார்க்கும் பெண்களையும் எழுதும்போது இவர்கள் கை இன்னும் சுதந்திரமாக ஓடியிருக்கிறது என்பது என் கட்சி. சுவாமிக்கு லட்சணம் விதித்திருக்கிறது, பெண்பிள்ளைக்கு விதிக்கவில்லை.

இனி விரிசல்.

தஞ்சாவூர் ஜில்லாவில் பழைய வீடுகளில் நான் பார்த்த கண்ணாடிப் படங்களில் கீறல் இல்லாதவை சொற்பம். கை தவறி விழுந்தால் அது தூளாகிவிடும். அதைப் பற்றிப் பேச்சில்லை. விழாமலே, சுவரில் மாட்டியபடியே கீறுகிறதே, அதுதான் விஷயம். இதற்குக் காரணம் இரண்டு. ஒன்று சட்டம். ஐப்பசி அடைமழையில் மரம் ஊறிப் பருக்கும். பங்குனி சித்திரையில் காய்ந்து சுருங்கும். வருஷா வருஷம் இப்படிப் பருத்துச் சுருங்குகிற சட்டத்துக்குள், பின்பலகையைப் பிடிக்க அடித்த ஆணி கண்ணாடியின் விளிம்பைக் கடித்துக்கொண்டிருந்தால் என்றைக்காவது ஒரு நாள் அந்த இடத்தில் சிப்பி மாதிரி சின்னதாகத் தெறிக்கும். அங்கிருந்து கீறல் ஓடும்.

இரண்டாவது காரணம் பக்தி. படத்துக்கு நேர் கீழே காமாட்சி விளக்கு. சுடர் பட்டுக் கண்ணாடியின் நடுப்பகுதி சூடேறுகிறது, விரிய விரும்புகிறது. சட்டத்தின் பள்ளத்துக்குள் மறைந்திருக்கும் விளிம்புக்குச் சூடு எட்டவில்லை, அது விரியவில்லை. நடுப்பகுதி இழுக்கிற இழுப்பை விளிம்பு தாங்க வேண்டியிருக்கிறது. கண்ணாடி அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. ஆகவே விளிம்பில், விளிம்புக்குச் செங்குத்தாக ஒரு கீறல் தொடங்கும். இரண்டங்குலம் நேராகப் போகும். பிறகு தன் இஷ்டத்துக்கு வளைந்து திரியும். இந்த அடையாளத்தைத் தெரிந்துகொண்டால், படத்தைப் பார்த்த மாத்திரத்தில் ஆணிக் கீறலா விளக்குக் கீறலா என்று சொல்லிவிடலாம்.

கும்பகோணத்துக்கும் திருவையாற்றுக்கும் நடுவில், ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில், எனக்குத் தூரத்து உறவில் ஓர் அத்தை இருக்கிறாள். அவள் வீட்டுப் பூஜை அறையில் ஒரு யசோதை. மடியில் கண்ணன். ஒன்றரை அடிக்கு ஓரடி இருக்கும். நான் மேலே சொன்ன நல்ல படங்களில் அது ஒன்று. யசோதையின் மணிக்கட்டிலிருந்து விரல்நுனி வரைக்கும் ஓடுகிற கோட்டை இன்னொரு படத்தில் நான் பார்த்ததில்லை. அதில் விளக்குக் கீறல் விழுந்துவிட்டது. அடிவிளிம்பில் ஆரம்பித்து, வெண்ணெய்ப் பானையைப் பிளந்துகொண்டு, அந்த மணிக்கட்டின் குறுக்கே போய், வலது ஓரத்தில் நிற்கிறது. அத்தைக்குத் தூக்கமில்லை. நம் பக்கத்தில் மூளியான படத்தை வீட்டில் வைக்க மாட்டார்கள். அரசமரத்தடியில் சாத்தி வைப்பார்கள், அல்லது ஆற்றில் விட்டுவிடுவார்கள். காவேரிப் படித்துறைகளில் இப்படி வந்து சேர்ந்த எத்தனையோ கண்ணாடியும் சட்டமும் சேற்றில் புதைந்து கிடக்கின்றன. குளிக்கிறவன் காலைக் கிழிக்கிறபோதுதான் அங்கே ஒரு கலை இருந்தது தெரிய வரும்.

அத்தையின் பேரன் பட்டணத்தில் கண்ணாடிச் சூளை வைத்திருக்கிறான். மின்சாரத்தில் வேலை செய்கிற சின்னச் சூளை. வர்ணக் கண்ணாடித் துண்டுகளை அடுக்கி, உருக்கி ஒட்டித் தட்டுகளும் சுவரில் மாட்டும் வில்லைகளும் செய்கிறான்.

"பாட்டி, ஆத்துல விடறதாவது! என் சூளையிலே ஒரு ராத்திரி வெச்சு எடுத்தா கீறல் கூடிப் போயிடும்" என்றான்.

"நீ நாலும் படிச்சவன், நீ சொல்லேன்டா. நெருப்பிலே போட்டா ஒட்டிக்குமா?" என்று அத்தை என்னைக் கேட்டாள்.

ஒட்டும் என்பதில் சந்தேகமே இல்லை. கண்ணாடியின் குணம் அது. மண்பானை ஒரு தடவை வெந்துவிட்டால் பிறகு உடைந்ததை எந்தச் சூளையும் கூட்டாது. கண்ணாடி அப்படியல்ல, எத்தனை தடவை வேண்டுமானாலும் உருகிக்கொடுக்கும். நம் பக்கத்துச் சின்னப் பெண்களுக்கு இது தெரியும். உடைந்த வளையல் துண்டுகளை மெழுகுவர்த்திச் சுடரில் காட்டி, வளைத்து, ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்துச் சங்கிலி பண்ணுவார்களே! இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில், 1945இல் வீலர் தோண்டிப் பார்த்த அதே இடத்தில், கண்ணாடியைக் குழலாக இழுத்துச் சிறு சிறு மணிகளாக நறுக்கினார்கள். அந்த மணிகள் கடல் தாண்டிப் போயின. இந்த முறையில் செய்கிறவர்கள் நறுக்கிய முனையின் கூர்மை போவதற்கு மணிகளைச் சாம்பலோடு சேர்த்துச் சட்டியில் மறுபடி சூடு காட்டுவார்கள். மறுசூடு நமக்குப் புதிதல்ல.

பையன் தன்னுடைய கெட்டுப்போன சரக்குகளையும் ஒரு பெட்டியில் கொண்டு வந்திருந்தான். எனக்குப் பிடித்துப்போனது அந்தப் பெட்டிதான். நல்லவற்றை எவனும் காட்டுவான்.

விரிசல் விழுந்த தாமரைத் தட்டு ஒன்றை எடுத்து, "இது எப்ப உடைஞ்சதுன்னு சொல்லுங்க மாமா, பார்க்கலாம்" என்றான். பிறகு அவனே சொன்னான். விரிசலின் விளிம்பைத் தடவிப் பார்க்க வேண்டும். மழுங்கி, உருண்டு இருந்தால் சூடேறும்போது உடைந்தது. உடைந்த பிறகும் சூளை ஏறிக்கொண்டே போனதால் முனை உருகி உருண்டுவிட்டது. கையைக் கிழிக்கிற மாதிரி கூர்மையாக இருந்தால் ஆறும்போதோ ஆறிய பிறகோ உடைந்தது. முதலாவது அவசரத்தின் பலன்: சூட்டை வேகமாக ஏற்றிவிட்டான். இரண்டாவதற்குப் பல காரணம் இருக்கலாம். போதுமான நேரம் ஆற விடவில்லை. அல்லது கண்ணாடி சூளைத் தட்டில் ஒட்டிக்கொண்டது. அல்லது சேராத இரண்டு கண்ணாடிகளைச் சேர்த்துவிட்டான்.

விமர்சனத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இதைவிட உபயோகமான பாடம் கிடையாது. நாவல் பிளந்துபோயிருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எப்போது பிளந்தது என்று யார் பார்க்கிறார்கள்? எழுத உட்கார்ந்த சூட்டிலேயே முதல் ஐம்பது பக்கத்தில் பிளந்து, அதற்குப் பிறகு எழுதிய முந்நூறு பக்கமும் அந்த விளிம்பை உருட்டி மழுக்கியிருக்கிறதா? அல்லது நன்றாகவே உருகிச் சேர்ந்து, ஆற விடாமல் அச்சுக்கு அனுப்பியதால் பிளந்ததா? நம் தொடர்கதைகளில் பெரும்பாலானவை இரண்டாவது ரகம். தடவிப் பார்த்தால் கை கிழிகிறது.

சூளைக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கண்ணாடித் துண்டுகள் ஒன்றோடொன்று முழுக்கக் கலப்பதற்கு 800 டிகிரி செண்டிகிரேடு அளவு சூடு வேண்டும். அது பெரிய காரியமல்ல. காரியம் இறங்குவதில்தான். 500 டிகிரியை ஒட்டிய ஒரு கட்டத்தில் சூளையைப் பிடித்து நிறுத்தி, கண்ணாடியின் நடுவும் விளிம்பும் மேலும் கீழும் ஒரே சூட்டுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு மெல்ல மெல்ல இறக்க வேண்டும். இதை விட்டால் கண்ணாடிக்குள் இழுப்பு உறைந்துபோகும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. அலமாரியில் வைத்த ஆறாவது நாள், யாரும் தொடாமலே, நடுராத்திரியில் டங்கென்று ஒரு சத்தம் கேட்கும். எவ்வளவு தடிமனோ அவ்வளவு பொறுமை. அமெரிக்காவில் பாலோமார் மலைத் தூரதரிசினிக்காக 200 அங்குல அகலத்தில், இருபது டன் கண்ணாடியில் ஒரு வட்டத்தட்டு வார்த்தார்கள். 1934 மார்ச்சில் வார்த்த முதல் தட்டு பழுதாகிவிட்டது. டிசம்பரில் இரண்டாவது வார்த்து, ஏறக்குறைய பத்து மாதம் ஆற விட்டார்கள். பாதியில், 1935 ஜூலையில், பக்கத்து ஆற்றில் வெள்ளம் வந்து, சூட்டைப் பராமரிக்கிற மின்சாரக் கருவிகளுக்கே ஆபத்து வந்துவிட்டது. காவேரிக் கரையில் களம் வைத்திருக்கிறவர்களுக்கு அந்தக் கார்னிங் ஊர்க்காரர்களின் அன்றைய மனநிலையை நான் விளக்க வேண்டியதில்லை.

சேராத கண்ணாடி என்று சொன்னேன். எல்லாக் கண்ணாடியும் சூட்டில் ஒரே அளவு விரிவதில்லை. சாதாரண ஜன்னல் கண்ணாடி ஓரடி நீளத்துக்கு, 500 டிகிரி ஏறினால், ஒன்றேகால் மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக நீளும். இன்னொரு வகை அதைவிடக் கொஞ்சம் அதிகம் நீளலாம். உருகிக் கிடக்கும்போது இரண்டும் சிநேகமாகத்தான் இருக்கும். ஆறிச் சுருங்கும்போது ஒன்று மற்றதை இழுக்கும். சூளைக்காரர்கள் வாங்குகிற வர்ணக் கண்ணாடிக்கு 90 என்றும் 96 என்றும் எண் போட்டிருப்பது இதற்காகத்தான். இந்த எண்ணை அந்த எண்ணோடு சேர்க்கக் கூடாது. பையனுடைய தாமரைத் தட்டில் விரிசல் சிவப்பு இதழின் விளிம்பை ஒட்டியே வளைந்து போயிருந்தது. அது அவசரத்தின் விரிசல் அல்ல, சம்பந்தத்தின் விரிசல். அதை அவன் மறுபடி சூளையில் வைத்து ஒட்டியிருக்கிறான். ஒட்டியது. பத்து நாளில் இதழின் மறுபக்கத்தில் பிளந்தது. இந்த மாதிரி விரிசலுக்கு மறுசூடு மருந்தாகாது. எத்தனை தடவை சுட்டாலும் வேறு வேறு இடத்தில் பிளக்கும்.

இன்னொரு தட்டு இருந்தது. வெறும் நீலம். சூட்டை வேகமாக ஏற்றியதில் குறுக்கே உடைந்தது. அதை அவன் நிதானமாக மறுபடி ஏற்றி, 800இல் பிடித்து, ஒரு பகலும் ஓர் இரவும் ஆற வைத்து எடுத்திருக்கிறான். ஒட்டியிருக்கிறது; பலமாகவே இருக்கிறது. ஆனால் விரிசல் இருந்த பாதையில் மங்கலாக ஒரு கோடும், கோட்டின் நெடுக ஊசிமுனை அளவு காற்றுக் குமிழிகளும் தெரிகின்றன. அவன் அதைக் கெட்டுப்போன பெட்டியில் போட்டிருந்தான். அவன் கடையில் விற்கிற வழவழப்பான தாமரைகள், மயில்கள், கோலங்கள் எல்லாவற்றையும்விட எனக்கு அந்த நீலத் தட்டுத்தான் உயர்வாகப் பட்டது. மற்றவற்றில் கண்ணாடி, பிளாஸ்டிக்கோ பீங்கானோ செய்யக்கூடிய வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. இதில் கண்ணாடி கண்ணாடியாக இருக்கிறது. இதை அவனிடம் சொன்னேன். "விலை போகாதே, மாமா" என்றான். அதற்கு விமர்சகனிடம் பதில் கிடையாது.

யசோதைக்கு வருவோம். அவனுடைய நீலத் தட்டுக்குச் சரிப்பட்டது யசோதைக்குச் சரிப்படாது. முதல் காரணம் வண்ணம். புதுச்சேரி இருதய ஆண்டவர் கோயில் ஜன்னல்களைப் போல, மாதாகோயில்களில் உள்ள கண்ணாடிச் சித்திரம் வேறு வகை. அங்கே கண்ணாடியே வர்ணம். முகமும் மடிப்பும் எழுதுகிற மையில் கண்ணாடித் தூளைக் கலந்து, எழுதிய பிறகு சூளையில் வைத்து, கண்ணாடியோடு கண்ணாடியாக உருக்கிவிடுகிறார்கள். தஞ்சாவூர்க் கண்ணாடிப் படம் ஒரு நாளும் சூளையைக் கண்டதல்ல. பசையிலோ எண்ணெயிலோ குழைத்த வண்ணம், குளிர்ந்த கண்ணாடியின் முதுகில் சும்மா பிடித்துக்கொண்டிருக்கிறது. 800 எதற்கு? அதில் பாதி ஏறுவதற்குள்ளேயே வண்ணத்தைக் கட்டிய பசை கருகும். பின்னால் ஒட்டிய காகிதம் சாம்பலாகும். காலையில் சூளையைத் திறந்தால் கீறல் இல்லாத கண்ணாடி இருக்கும், யசோதை இருக்க மாட்டாள்.

கண்ணாடிகூட ஒழுங்காக இருக்காது. சூளையில் முழுக்க இளகிய கண்ணாடிக்கு ஒரு சுபாவம் உண்டு: ஏறக்குறைய ஆறு மில்லிமீட்டர் கனத்துக்கு வந்து நிற்கப் பார்க்கும். அதைவிடத் தடிமனாக இருந்தால் பரவும். மெல்லியதாக இருந்தால் ஓரங்களைச் சுருட்டிக்கொண்டு உள்ளே இழுக்கும். யசோதையின் கண்ணாடி இரண்டு மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். அது சுருங்கும், கோணும், நடுவில் ஓட்டை விழுந்தாலும் விழும். அடியில் இன்னொரு கண்ணாடி வைத்துத் தடிமன் கூட்டலாம் என்றால், பழைய கண்ணாடியும் புதிய கண்ணாடியும் சேருமோ சேராதோ! போதாக்குறைக்குப் பழைய ஜன்னல் கண்ணாடி அந்தச் சூட்டில் அதிக நேரம் இருந்தால் மேற்பரப்பு பூத்துப்போய், பனி மூடின மாதிரி ஆகிவிடும்.

பையன் கெட்டிக்காரன். "அப்ப, படத்தைப் போட்டோ எடுத்துட்டு, வண்ணத்தைச் சுரண்டிட்டு, கண்ணாடியை மட்டும் சுட்டுக் கூட்டி, அதே மாதிரி மறுபடி எழுதிட்டா?" என்றான். இது அவன் யோசனை மட்டுமல்ல. கீறல் விட்ட, வண்ணம் உதிர்ந்த பழைய படங்களை இப்படித்தான் பல பேர் புதுசாக்குகிறார்கள். பழைய சட்டம், பழைய கண்ணாடி, புதிய யசோதை. வாங்குகிறவன் பழசு என்று நம்பி வாங்குகிறான். எனக்கு இதில் உள்ள ஆட்சேபம் மோசடி என்பதுகூட அல்ல. அது போலீஸ்காரர் கவனிக்க வேண்டிய விஷயம். முதலில் சொன்னேனே, முதல் நாள் வைத்த புள்ளியைப் பிறகு எழுதியவனாலேயே தொட முடியாது என்று. தொட முடியாமல் நூறு வருஷத்துக்கு மேலாக அந்தக் கண் அங்கே இருக்கிறது. சுரண்டும்போது முதலில் வருவது வானமும் திரைச்சீலையும். கடைசியில், கண்ணாடியை ஒட்டி மிச்சம் நிற்பது மணிக்கட்டின் கோடும் கருவிழியும். அதையும் சுரண்ட வேண்டும். அந்தக் கையை இன்னொருவன் போட்டோ பார்த்து எழுதுவான். கீறல் இருக்காது. படமும் இருக்காது.

மேல்நாட்டில் இது சம்பந்தமாக ஒரு வேடிக்கை நடந்திருக்கிறது. காண்டின்ஸ்கியும் காப்ரியேல் மூண்டரும் 1908, 1909 வாக்கில் பவேரியாவில் மூர்னாவ் என்ற ஊரில் தங்கியிருந்தபோது, அந்தப் பக்கத்துக் குடியானவர் வீடுகளில் இருந்த கண்ணாடிப் படங்களைப் பார்த்து மயங்கிப்போனார்கள். சேகரித்தார்கள்; தாங்களும் கண்ணாடியில் எழுதினார்கள். 1912இல் அவர்கள் கூட்டம் வெளியிட்ட 'நீலக் குதிரைவீரன்' மலரில் அந்த நாட்டுப்புறப் படங்களை நவீன ஓவியங்களுக்குச் சரிசமமாக அச்சிட்டார்கள். நம்முடைய யசோதைக்கு அவர்கள் ஒருவிதத்தில் தூரத்துச் சம்பந்திகள். வேடிக்கை அதுவல்ல. மார்செல் துஷாம் என்ற பிரெஞ்சுக்காரர் 1915இலிருந்து 1923 வரை இரண்டு பெரிய கண்ணாடிப் பலகைகளில் ஒரு சித்திரம் செய்து, முடிக்காமலே நிறுத்தினார். புரூக்ளினில் காட்சிக்கு வைத்துத் திரும்ப எடுத்துப்போகும்போது, வண்டி குலுங்கிய குலுக்கலில் இரண்டு பலகையும் நொறுங்கிவிட்டன. 1936இல் அவரே உட்கார்ந்து துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்து, கனமான கண்ணாடிகளுக்கு நடுவில் வைத்து இறுக்கி நிறுத்தினார். விரிசல்களை மறைக்கவில்லை. அவை பிடித்துப்போய்விட்டன அவருக்கு. இன்று அது பிலடெல்பியா மியூசியத்தில், மேலிருந்து கீழ்வரை விரிசலோடு நிற்கிறது. அதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள்.

துஷாம் சொல்லிவிட்டால் விரிசல் அழகாகிவிடுமா என்று கேட்டால், ஆகாது. யசோதையின் மணிக்கட்டில் உள்ள கீறல் எனக்கு அழகாக இல்லை. அது ஒரு சேதம். அதை ரசிக்கச் சொல்லி நான் யாரையும் வற்புறுத்த மாட்டேன். விரிசலே தத்துவம் என்று பேசுகிறவர்கள், தங்கள் வீட்டு மூக்குக்கண்ணாடியில் விரிசல் விட்டால் மாற்றிக்கொள்ளத்தானே செய்கிறார்கள்? நான் கேட்பதெல்லாம், அந்தச் சேதத்தைத் தாண்டிக் கோட்டைப் பார்க்க முடிகிறதா என்பதுதான். முடிகிறது. கீறல் கையைத் தொட்டிருக்கிறது, கோட்டைக் கெடுக்கவில்லை.

இதற்கு வேறு வழியும் இருக்கிறது. மியூசியங்களில் பழுது பார்க்கிறவர்கள் தெளிந்த நீர் போன்ற ஒருவகை எபாக்ஸிப் பசையைக் கீறலின் வாயில் வைத்து, அது தானாகவே இடுக்கில் ஊறி இறங்கும்படி செய்கிறார்கள். சூடு வேண்டாம். கீறல் முற்றிலும் மறையாது. ஆனால் மேலே ஓடாது, பார்வையை உறுத்தாது. வண்ணம் பூசிய பக்கத்தில் பசை பரவாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அது கைதேர்ந்தவன் வேலை. பிரேம் கடையில் கொடுத்துச் செய்கிற காரியமல்ல.

அத்தைக்கு எபாக்ஸியும் துஷாமும் வேண்டியிருக்கவில்லை. அவளுடைய கேள்வி வேறு. மூளியான படத்துக்கு விளக்கு ஏற்றலாமா, கூடாதா? ஏற்றாவிட்டால் யசோதைக்கு நல்லது என்று சொன்னேன். அது அவளுக்குப் புரிந்தது. பூஜை அறைக்கு வேறு படம் வந்தது, அச்சுப் படம்தான். யசோதையைக் கூடத்தில், மழைச் சுவர் இல்லாத பக்கத்தில், வெயில் படாத இடத்தில் மாட்டினோம். "பூஜைக்கு இல்லேன்னா என்ன, வீட்டு மனுஷி மாதிரி கூடத்திலே இருக்கட்டும்" என்றாள்.

இதே மாதிரிப் படம் வீட்டில் இருந்து, கீறல் விட்டிருந்தால், ஆற்றுக்கு எடுத்துப்போவதற்கு முன் சில விஷயம். பின்பலகையைக் கழற்ற வேண்டாம். வண்ணம் பலகையோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். ஈரத் துணியால் துடைக்க வேண்டாம். சுவரிலிருந்து இறக்கினால் நிமிர்த்திச் சாத்தி வைக்காமல், கண்ணாடி முகம் கீழேயும் வண்ணப் பக்கம் மேலேயும் இருக்கும்படி மெத்தென்ற துணியின்மேல் படுக்க வைக்க வேண்டும். துண்டு ஏதாவது உதிர்ந்திருந்தால், அரிசி அளவானாலும், ஒரு காகிதத்தில் மடித்து அந்தப் படத்தோடேயே வைக்க வேண்டும். கண்ணாடியின் விளிம்பை ஆணி கடிக்கிறதா என்று பார்த்து, கடித்தால் நெட்டிக் கார்க்கோ துணியோ இடையில் கொடுக்கச் சொல்ல வேண்டும். கீறல் விடாத படமாக இருந்தால், விளக்கை ஒரு முழம் தள்ளி வைத்தால் போதும்.